பிபிஎஸ் மென்பொருள்: எதை எடுப்பது, எதை விடுவது? பொழுதுபோக்காக நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிபிஎஸ் என்று எதைச் சொல்கிறீர்கள்? இன்னும் யாராவது நடத்துகிறார்களா?

பிபிஎஸ் என்றால் புல்லட்டின் போர்டு சிஸ்டம், அதாவது அறிவிப்புப் பலகை அமைப்பு; சுருக்கமாகப் பலகை என்பேன். எழுத்து மட்டுமே ஓடும் திரை. பெரும்பாலும் 80 எழுத்து அகலம், 25 வரி உயரம். ஒருவர் வெளியிலிருந்து இணைகிறார். பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கிறார். மற்றவர்கள் எழுதி வைத்ததைப் படிக்கிறார், பதில் எழுதுகிறார், கோப்பு இறக்குகிறார், ஒரு ஆட்டம் ஆடுகிறார், கிளம்புகிறார். 1978 பிப்ரவரி 16 அன்று சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் இயக்கத்துக்குக் கொண்டுவந்த சிபிபிஎஸ்தான் இந்த வகையில் முதலாவது. அந்த ஜனவரியில் பெய்த பனியில் ஊரே முடங்கிக் கிடந்தபோது தொடங்கிய வேலை அது.

தொலைபேசிக் கம்பியும் மோடமும் இருந்த இடத்தில் இன்று, இணையம் வழியாக வேறொரு கணினிக்குள் நுழைய உதவும் டெல்நெட்டும், அதையே மறையாக்கத்தோடு செய்யும் எஸ்எஸ்எச்சும் இருக்கின்றன. அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று பல இடங்களில் ஆர்வலர்கள் வீட்டுக் கணினியிலோ வாடகை சர்வரிலோ நடத்துகிறார்கள். தைவானில் 1995இல் ஒரு பல்கலைக்கழக மாணவர் தொடங்கிய பிடிடி, நாடு முழுக்கப் பேசப்படும் பொது மேடையாகவே வளர்ந்தது. ஆனால் பிடிடி பெரும் கூட்டத்துக்காகக் கட்டப்பட்டது. இங்கே நான் பேசுவது ஒருவர் தன் கைக்காசில், தன் மாலை நேரத்தில் நடத்தும் பலகையைப் பற்றி.

நீட்டாமல் சொல்லுங்கள்: எதை எடுக்கலாம்?

முதன்முறை நடத்துபவர் என்றால் சின்க்ரோநெட். திரையின் அழகில் மனம் வைத்தவர், ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் ஓட்ட நினைப்பவர் என்றால் மிஸ்டிக். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர், யூனிகோடு வேண்டும் என்பவர் எனிக்மாவைப் பார்க்கலாம். டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கான மென்பொருளை அதன் பழைய உருவத்திலேயே காப்பாற்ற விரும்புபவருக்கு வேறு பாதை. அதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

வசதிகளைப் பட்டியல் போட்டு ஒப்பிட்டால் போதாதா?

போதாது. பட்டியலில் எல்லா மென்பொருளும் ஒன்றுபோலத்தான் தெரியும்: செய்திப் பகுதி, கோப்புப் பகுதி, அரட்டை, விளையாட்டு. நான் முதலில் பார்ப்பது வேறு. இதை எழுதியவர் நாளைக்கு நிறுத்திவிட்டால் என் பலகையில் பேசப்பட்டதெல்லாம் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இல்லாத மென்பொருளில் என் பயனர்களை உட்கார வைக்க எனக்கு மனம் வராது.

இது வெறும் பயம் இல்லை. பிபிஎஸ் மென்பொருளின் வரலாற்றில் பாதி இதுதான். யூட்டாவின் கிளார்க் டெவலப்மென்ட் நிறுவனம் விற்ற பிசிபோர்டு, 90களின் முற்பாதியில் மிக மதிப்பான வணிக மென்பொருள்களில் ஒன்று. 1997இல் நிறுவனம் மூடப்பட்டது. கலிபோர்னியாவின் மஸ்டாங் நிறுவனம் எழுதிய வைல்ட்கேட் 1998இல் சான்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. அங்கே வேறு உருவில் தொடர்ந்தது, அது அதிர்ஷ்டம். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ மில்னர் எழுதிய ரிமோட்ஆக்சஸ் ஒரு காலத்தில் எங்கும் காணப்பட்டது; அதன் வளர்ச்சியும் நின்றுபோனது. பணம் கட்டி உரிமம் வாங்கிய சிஸாப்கள், அதாவது பலகை நடத்துநர்கள், கையில் கடைசிப் பதிப்பின் இயங்குகோப்பு மட்டும் மிஞ்சியது. 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது, இரண்டு இலக்கத்தில் ஆண்டைச் சேமித்த நிரல்களுக்குத் திருத்தம் தர ஆள் இல்லாமல் பல பலகைகள் தடுமாறின.

ஆகவே நான் பார்ப்பது இரண்டு. ஒன்று, மூலநிரல் வெளியில் இருக்கிறதா. இரண்டு, மெசேஜ் பேஸ், அதாவது செய்திகளை வட்டில் சேமிக்கும் கோப்பு வடிவம், ஆவணப்படுத்தப்பட்டதா. இரண்டில் ஒன்றாவது வேண்டும்.

மெசேஜ் பேஸ் வடிவங்களில் அப்படி என்ன வேறுபாடு?

நிறைய. பலகைகளை ஒன்றோடொன்று இணைத்த ஃபைடோநெட் வலையமைப்பின் ஆரம்பகால மென்பொருள்கள் ஒரு செய்திக்கு ஒரு கோப்பு என்று வைத்தன. எளிமையானது, கையால் திறந்து பார்க்கலாம். ஆனால் டாஸின் ஃபேட் முறை வட்டில் சின்னஞ்சிறு கோப்பும் ஒரு முழுக் கிளஸ்டரை, அதாவது வட்டின் ஓர் இட அலகை, அடைத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் செய்தி சேர்ந்தால் வட்டு வீணாகும், தேடல் நத்தை வேகத்தில் போகும்.

குவிக்பிபிஎஸ் எழுதிய ஆடம் ஹட்சன் பெயரால் வழங்கும் ஹட்சன் வடிவம் எல்லாச் செய்திகளையும் ஒரே தொகுதியில் போட்டது. வேகம் கூடியது. ஆனால் 200 பகுதிகளுக்கு மேல் வைக்க முடியாது. உரை 256 பைட் துண்டுகளாக, 16 பிட் எண்ணால் சுட்டப்பட்டது. அதனால் மொத்த உரை 16 மெகாபைட்டைத் தாண்டாது. பலகைகளுக்கிடையே பகிரப்படும் பொதுச் செய்திகளான எக்கோமெயில் பெருகியபோது இந்த வரம்பு பலரைக் கட்டிப்போட்டது.

பிறகு வந்தவை ஸ்குவிஷும் ஜாமும். மாக்சிமஸ் என்ற பிபிஎஸ் மென்பொருளை எழுதிய கனடாக்காரர் ஸ்காட் டட்லியின் படைப்பு ஸ்குவிஷ். ஜாம் 1993இல் வெளியானது. அதை வகுத்தவர்களில் ரிமோட்ஆக்சஸின் மில்னரும் ஃபிரண்ட்டோர் என்ற அஞ்சல் நிரலை எழுதிய யோவாகிம் ஹோம்ரிக்ஹவுசனும் உண்டு. இந்த இரண்டின் விவரக்குறிப்பும் பொதுவில் இருக்கிறது. அதனால்தான் அந்தக் கால மென்பொருள்கள் போன பிறகும் அவற்றில் எழுதப்பட்ட செய்திகளை இன்று திறக்க முடிகிறது. ஒரு விவரக்குறிப்பை வெளியிடுவது எவ்வளவு பெரிய உதவி என்று அன்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, நான் அவர்களுக்கு நன்றியோடு இருக்கிறேன்.

சின்க்ரோநெட்டை ஏன் முதலில் சொல்கிறீர்கள்?

ராப் ஸ்விண்டெல் 90களின் தொடக்கத்தில் டாஸுக்காக எழுதி விற்ற மென்பொருள் இது. பிற்பாடு இலவசமாக்கினார், மூலநிரலையும் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் திறந்துவிட்டார். இன்றும் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. விண்டோஸ், லினக்ஸ், ஃபிரீபிஎஸ்டி மூன்றிலும் ஓடும்.

இதன் பலம் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருப்பது. டெல்நெட், எஸ்எஸ்எச், வலைத்தளம், எஃப்டிபி, மின்னஞ்சல், செய்திக்குழு, ஐஆர்சி ஆகிய அனைத்துக்குமான சர்வர்களும் உள்ளேயே உண்டு. ஒரு பயனர் டெர்மினலில் எழுதிய செய்திக்கு இன்னொருவர் உலாவியில் இருந்து பதில் சொல்லலாம். இருவருக்கும் ஒரே கணக்கு. பலகையின் நடத்தையை மாற்ற ஜாவாஸ்கிரிப்ட் எழுதினால் போதும். செய்திகளை எஸ்எம்பி என்ற தனி வடிவத்தில் வைக்கிறது; ஆனால் அது ஆவணப்படுத்தப்பட்டது, நிரலும் திறந்தது. என் இரண்டு நிபந்தனையும் நிறைவேறுகின்றன.

குறைகளும் இருக்கின்றன. அமைப்புகள் காட்டுபோல் அடர்த்தியானவை. எந்த மெனுவுக்குள் எது என்று பழக வாரக்கணக்கில் ஆகும். முதல்முறை நிறுவியதும் வரும் தோற்றத்தை அப்படியே விட்டுவிடுபவர்கள் அதிகம், அதனால் பல சின்க்ரோநெட் பலகைகள் ஒரே முகத்தோடு இருக்கின்றன. கடவுச்சொற்களைப் பழைய மரபுப்படி அப்படியே எழுத்தாகச் சேமிக்கும் வழக்கமும் எனக்குப் பிடிக்காதது. பலகைக்கென்று தனிக் கடவுச்சொல் வைக்கும்படி பயனர்களிடம் முதல் திரையிலேயே சொல்லிவிடுங்கள்.

மிஸ்டிக்கின் மீது பலருக்கு இவ்வளவு பிரியம் ஏன்?

அதன் திரையைப் பார்த்தால் புரியும். ஜேம்ஸ் கோய்ல் பாஸ்கல் மொழியில் எழுதியது. 90களின் ரெனகேட், டெலிகார்டு ஆகிய பலகை மென்பொருள்களின் வழிவந்த தோற்றத்தை விரும்புபவர்களுக்கு இது வீடு திரும்பியதுபோல் இருக்கும். மெனுக்கள், நிறங்கள், செய்தி படிக்கும் திரை, தேர்வுப் பட்டை எல்லாவற்றையும் நீங்கள் எழுத்துக் குறிகளாலும் நிறங்களாலும் வரைந்த ஆன்சி ஓவியத்துக்கு ஏற்ப மாற்றலாம். விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றுக்கும் பதிப்புகள் உண்டு. ராஸ்பெரி பையிலும் சுகமாக ஓடும். ஃபைடோநெட் வகை அஞ்சலை அனுப்பிப் பெறும் கருவிகள் உள்ளேயே இருப்பதால், வலையமைப்பில் சேர்வது மற்றவற்றைவிட இதில் எளிது. சொந்த நிரல் எழுத எம்பிஎல் என்ற பாஸ்கல் சாயல் மொழியும் உண்டு, பைத்தானும் உண்டு.

என் தயக்கம் ஒன்றே. இன்றைய பதிப்புகளின் மூலநிரல் மூடியது, பழைய 1.10 மட்டுமே ஜிபிஎல்லில் கிடைத்தது. வளர்ச்சி முழுக்க ஒரே மனிதரின் ஓய்வு நேரத்தை நம்பி இருக்கிறது. ஆனாலும் செய்திகளை ஜாம் வடிவத்தில் வைப்பதால், நாளைக்கு வேறு இடம் போக வேண்டி வந்தாலும் பேச்சுகள் உங்களோடு வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே மிஸ்டிக்கை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

எனிக்மா?

முழுப்பெயர் எனிக்மா அரை. பெயரின் இறுதியில் அரை என்ற பின்னக்குறி இருக்கும். ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே இயக்கும் நோட்.ஜேஎஸ்ஸில் எழுதப்பட்டது, பிஎஸ்டி என்ற திறந்த மூல உரிமம். அமைப்புகள் எல்லாம் உரைக் கோப்புகள்; செய்திகள் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் இருப்பதால் எந்தச் சாதாரணக் கருவியாலும் வெளியே எடுக்கலாம். கடவுச்சொல்லை ஹாஷ் செய்துதான், அதாவது திரும்பப் படிக்க முடியாத குறியாக மாற்றித்தான், வைக்கிறது. டாஸ் காலத்து எழுத்துக் குறிமுறையான சிபி437ஐயும் யூனிகோடின் குறிமுறையான யூடிஎஃப்-8ஐயும் இணைபவரின் டெர்மினலுக்கு ஏற்ப மாற்றித் தருகிறது.

நோட்.ஜேஎஸ் பழகாதவருக்கு நிறுவுவதே சிரமம். அமைப்புக் கோப்பில் ஓர் அடைப்புக்குறி தவறினால் பலகை எழாது. ஃபைடோநெட் அஞ்சலுக்கு பிங்க்டி போன்ற வெளி அஞ்சல் நிரலைத் தனியாக இணைக்க வேண்டும். நிரலாளருக்கு இது இன்பம், மற்றவருக்கு இது சுமை.

டபிள்யூடபிள்யூஐவி இன்னும் உயிரோடு இருக்கிறதா?

இருக்கிறது. 1984இல் வெய்ன் பெல் தொடங்கிய பலகை மென்பொருள் இது. பணம் கட்டிய சிஸாப்களுக்கு மூலநிரலையே கொடுத்ததுதான் அந்தக் காலத்தில் இதன் தனிச்சிறப்பு. ஆளாளுக்குத் தங்கள் பலகையை வெட்டி ஒட்டி மாற்றினார்கள், மாற்றங்களைப் பகிர்ந்துகொண்டார்கள். டெலிகார்டு அதன் பழைய பாஸ்கல் நிரலிலிருந்து பிறந்தது, டெலிகார்டிலிருந்து ரெனகேட். இன்றைய 5ஆம் வரிசை திறந்த மூலமாக விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடுகிறது. 80களில் இதில் பழகியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். புதியவருக்கு சின்க்ரோநெட்டைவிட இது கூடுதலாக எதையும் தராது.

பழைய டாஸ் மென்பொருளையே ஓட்ட ஆசை. முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். முதலில் வரும் தடை 64 பிட் விண்டோஸ்: 16 பிட் டாஸ் நிரல்களை அது இயக்காது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. எனவே டாஸ் கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டர் வேண்டும்: டாஸ்பாக்ஸ், அல்லது லினக்ஸில் டாஸ்எமு. என் விருப்பம் டாஸ்எமுதான்.

இரண்டாவது தடை டர்போ பாஸ்கலில் தொகுத்த நிரல்கள். அவை தொடங்கும்போது கணினியின் வேகத்தை அளந்து ஒரு வகுத்தல் கணக்குப் போடும். செயலி சுமார் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினால் விடை அதற்கான இடத்துக்குள் அடங்காமல், ரன்டைம் எரர் 200 என்று சொல்லி நிரல் விழுந்துவிடும். பயனர்கள் பயந்துபோய்க் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள்; கெடவில்லை. அதற்கென்றே ஒட்டுத் திருத்தங்கள் இருக்கின்றன, இல்லையென்றால் எமுலேட்டரின் வேகத்தைக் குறைத்தாலும் போதும்.

மூன்றாவது, டாஸ் நிரல்கள் சும்மா இருக்கும்போதும் விசைப்பலகையைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டே செயலியை முழுதாக எடுத்துக்கொள்ளும். நான்கு நோடு, அதாவது ஒரே நேரத்தில் நான்கு பேருக்கான இணைப்பு, வைத்தால் நான்கு எமுலேட்டர். சின்ன சர்வர் திணறும்.

பல இணைப்புகளை ஒரே டாஸ் கணினியில் தாங்கிய மேஜர்பிபிஎஸ் வேறு ரகம். புளோரிடாவின் கலாக்டிகாம் நிறுவனத்துக்காக டிம் ஸ்ட்ரைக்கர் எழுதியது. பயனர்கள் ஒரே நேரத்தில் கூடி அரட்டையடிக்கவும் ஆடவும் கட்டப்பட்டது. அதன் பழைய தொகுதிகளை இன்றைய கணினியில் ஓட்ட எம்பிபிஎஸ்எமு என்ற திறந்த மூல எமுலேட்டர் இருக்கிறது. பழையதைக் காப்பாற்றும் வேலையில் எனக்கு மிகவும் மதிப்பு உள்ள முயற்சிகளில் இது ஒன்று.

டோர் விளையாட்டுகள் எல்லாவற்றிலும் ஓடுமா?

டோர் என்பது பலகைக்கு வெளியே தனியாக இயங்கும் நிரல். இணைந்திருப்பவரின் பெயர், மீதி நேரம் போன்ற விவரங்களை ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்துவிட்டு, பலகை ஒதுங்கிக்கொள்ளும். டிரேட்வார்ஸ் 2002, லெஜண்ட் ஆஃப் தி ரெட் டிராகன் போன்றவை இந்த வகை. இவற்றின் அசல் பதிப்புகள் டாஸுக்கானவை என்பதால் மேலே சொன்ன சிக்கல்கள் எல்லாம் இங்கேயும் உண்டு. 32 பிட் விண்டோஸில் சின்க்ரோநெட்தான் சிரமம் இல்லாமல் ஓட்டும். லினக்ஸில் எந்தப் பலகையாக இருந்தாலும் டாஸ்எமுவை நடுவில் வைக்க வேண்டும். டோர் ஆட்டங்களுக்காகவே பயனர்கள் வருவார்கள் என்றால் மென்பொருளைவிட இயங்குதளத்தை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஃபைடோநெட்டில் சேர வேண்டுமா?

தனிப் பலகை சீக்கிரம் அமைதியாகிவிடும். 1984இல் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ஃபைடோநெட், தொலைபேசிக் கட்டணம் குறைந்த இரவு நேரத்தில் பலகைகள் ஒன்றையொன்று அழைத்து அஞ்சலைக் கைமாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. 1986இல் டல்லாஸின் ஜெஃப் ரஷ் எழுதிய எக்கோமெயில் வந்தபிறகு, ஓர் ஊரில் எழுதியதை எல்லா ஊரும் படிக்க முடிந்தது. இன்று அதே அஞ்சல் பிங்க்பி நெறிமுறை வழியாக இணையத்தில் போகிறது. ஆசியாவுக்கென்று இருந்த 6ஆம் மண்டலம் 2007இல் 3ஆம் மண்டலத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தொடக்கத்துக்கு நான் எஃப்எஸ்எக்ஸ்நெட்டைச் சொல்வேன். நியூசிலாந்திலிருந்து நடத்தப்படும் சிறு வலையமைப்பு அது. விதிகள் குறைவு, உதவி செய்யும் மனமும் உண்டு. சின்க்ரோநெட் எடுத்தவர்களுக்கு டவ்-நெட் என்ற வலையமைப்பு கிட்டத்தட்டத் தயாராகவே இருக்கும்.

தமிழில் பலகை நடத்தலாமா?

எல்லோரும் ஆசையோடு கேட்பது இதைத்தான். ஆனால் நேர்மையாகச் சொன்னால் இன்றைக்கு அரைகுறையாகத்தான் வரும். பிபிஎஸ் திரை என்பது சம அகலக் கட்டங்களின் வரிசை. சீன எழுத்து அதில் அழகாகப் பொருந்தியது: பிக்5 குறிமுறையில் ஓர் எழுத்துக்கு இரண்டு பைட், திரையில் இரண்டு கட்டம். கணக்கு சரியாக வருவதால் பிடிடி செழித்தது. தமிழில் "கொ" என்பது யூனிகோடில் இரண்டு குறிகள், கண்ணுக்கு மூன்று உருக்கள், அதிலும் ஒன்று மெய்க்கு முன்னால் நிற்கிறது. எத்தனை கட்டம் என்று பலகை ஒரு கணக்குப் போடும், டெர்மினல் இன்னொரு கணக்குப் போடும். கர்சர் தவறான இடத்தில் நிற்கும், ஆன்சி ஓவியத்தின் ஓரங்கள் கலையும்.

செய்தி உரையை மட்டும் தமிழில் விட்டு, மெனுக்களையும் சட்டங்களையும் ஆங்கிலத்தில் வைத்தால் ஓரளவு ஓடும். எனிக்மாவில் யூடிஎஃப்-8 முதலிலிருந்தே இருக்கிறது, சின்க்ரோநெட்டில் பின்னால் சேர்ந்தது. சின்க்ரோநெட்டின் வலை முகப்பு வழியாகப் படிப்பவருக்கு உலாவியே எழுத்தை வரைவதால் தமிழ் சரியாகத் தெரியும். அதனால் தமிழ்ப் பலகை கனவு உள்ளவர்களுக்கு என் பரிந்துரை மறுபடி சின்க்ரோநெட்தான். திரை முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும் என்றால் டெர்மினல் நிரலில்தான் வேலை நடக்க வேண்டும். தமிழ் நிரலாளர்கள் யாராவது இதை எடுத்துச் செய்தால் மனமாரக் கொண்டாடுவேன்.

வீட்டு பிராட்பேண்டில் நடத்தலாமா? செலவு எவ்வளவு?

கணினிக்குப் பெரிய செலவில்லை. ராஸ்பெரி பை அல்லது ஒதுக்கி வைத்த பழைய மடிக்கணினி போதும். மடிக்கணினியில் பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும். சிக்கல் இணைப்பில். நம் ஊர் பிராட்பேண்டுகள் பலவும் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. வெளியிலிருந்து உங்கள் பெட்டிக்குள் யாரும் நுழைய முடியாது. நிலையான முகவரிக்குத் தனிக் கட்டணம் கட்டுவது ஒரு வழி. மலிவான வாடகை சர்வரில் பலகையை வைப்பது இன்னொரு வழி, பெரும்பாலானோருக்கு அதுவே நிம்மதி.

டெல்நெட்டைத் திறந்து வைப்பது ஆபத்து இல்லையா?

டெல்நெட்டின் வழக்கமான வாசலான போர்ட் 23ஐத் திறந்த சில நிமிடங்களில் தானியங்கிகள் கதவைத் தட்டத் தொடங்கும். 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல் டெல்நெட் திறந்திருக்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடி, வழக்கமான கடவுச்சொற்களை முயன்று பார்த்தது. அதன் வாரிசுகள் இன்னும் உலவுகின்றன. அவை தேடுவது லினக்ஸ் ஷெல்லை, அதாவது கணினிக்கு நேரடியாகக் கட்டளை இடும் இடத்தை. பலகை ஷெல்லைக் கொடுப்பதில்லை. ஆனால் அந்தத் தானியங்கிகள் உங்கள் நோடுகளை அடைத்துக்கொண்டு உண்மையான பயனரை வெளியே நிறுத்திவிடும். டெல்நெட்டை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள், தொல்லை தரும் இணைய முகவரிகளை மறிக்கும் முகவரித் தடையை இயக்குங்கள், எஸ்எஸ்எச் வழியையும் கொடுங்கள். பலகையை, முழு அதிகாரம் உள்ள ரூட் கணக்கில் ஒருபோதும் ஓட்டாதீர்கள். மிஸ்டிக்கிலும் சின்க்ரோநெட்டிலும் முகவரித் தடை வசதி நன்றாகவே இருக்கிறது.

பழைய பிபிஎஸ் ஒன்றின் வட்டு கையில் கிடைத்திருக்கிறது. செய்திகளை மீட்க முடியுமா?

முதலில் வட்டை முழுதாக ஒரு பிம்பக் கோப்பாக, அதாவது அச்சு அசலான நகலாக, எடுங்கள். மூல வட்டில் எதையும் இயக்க வேண்டாம். பிறகு கோப்புப் பெயர்களின் வால்களைப் பாருங்கள். ஜேஎச்ஆர், ஜேடிடி என்று முடிந்தால் அது ஜாம். எஸ்க்யூடி, எஸ்க்யூஐ என்றால் ஸ்குவிஷ். எம்எஸ்ஜிடிஎக்ஸ்டி என்ற பெயரோடு பிபிஎஸ் என்று முடிந்தால் ஹட்சன். எண்களைப் பெயராகக் கொண்ட எம்எஸ்ஜி கோப்புகள் வரிசையாக இருந்தால் ஒரு செய்திக்கு ஒரு கோப்பு வகை. இந்த நான்கையும் கோல்டெட் என்ற பழைய அஞ்சல் வாசிப்பான் திறக்கும். அதிலிருந்து உரையாக ஏற்றுமதி செய்து, சிபி437இலிருந்து யூடிஎஃப்-8க்கு மாற்றிக்கொள்ளலாம்.

பிசிபோர்டு, ரெனகேட் போன்றவை தங்களுக்கென்று தனி வடிவம் வைத்திருந்தன. அவற்றுக்கு அந்த மென்பொருளையே எமுலேட்டரில் எழுப்பி, உள்ளே நுழைந்து, செய்திகளை மொத்தமாகக் கட்டித் தரும் கியூடபிள்யூகே பொதியாக இறக்குவதுதான் நான் கண்ட நம்பகமான வழி. அந்தப் பொதியை சின்க்ரோநெட் இறக்குமதி செய்துகொள்ளும்.

மீட்டதில் தனி அஞ்சல்களும் இருக்கும். பொதுப் பகுதிகளை மட்டும் பிரித்து வெளியிடுங்கள். தனி அஞ்சலை, அதை எழுதியவரோ பெற்றவரோ கேட்டால் மட்டும் அவரிடம் கொடுங்கள்.